கருத்தரங்கில் பேச வருபவரின் பின்னணி: அழைப்பிதழ் அடிக்கும் முன் எதைச் சரிபார்க்க வேண்டும்?

கேள்வி: ஈரோட்டில் ஜவுளி வியாபாரிகள் சங்கம் ஒன்றின் செயலாளராக இருக்கிறேன். உறுப்பினர்களுக்காக அடுத்த மாதம் ஒரு நாள் முதலீட்டுக் கருத்தரங்கு நடத்துகிறோம். கோவையிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆறு பேர் பேச வருகிறார்கள். ஒவ்வொருவரும் தன்னைப் பற்றி அரைப் பக்கம் அனுப்பியிருக்கிறார்: ‘25 ஆண்டு அனுபவம்’, ‘முன்னாள் வைஸ் பிரசிடென்ட்’, ‘செபி பதிவு பெற்றவர்’, ‘சிஎஃப்ஏ’. அழைப்பிதழும் பிளக்ஸும் அடிக்கக் கொடுப்பதற்குள் இதையெல்லாம் சரிபார்க்க முடியுமா?

பதில்: முடியும். ஒருவருக்கு அரை மணி நேரம் போதும், செலவும் இல்லை. ஆனால் ‘இவர் எவ்வளவு பெரிய ஆள்’ என்று தேட ஆரம்பித்தால் அதற்கு முடிவே கிடையாது. மேடையில் அவர் என்ன பேசப்போகிறார், அதைப் பேச அவருக்குச் செபியிடம் (பங்குச்சந்தை ஒழுங்குமுறை வாரியம்) பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருபது வருடம் வங்கியில் இருந்தவர் தொழில் கடனைப் பற்றித் தாராளமாகப் பேசலாம். ‘இந்தப் பங்கை வாங்குங்கள்’ என்று சொல்ல அந்த இருபது வருடம் உதவாது.

வந்திருக்கும் அரைப் பக்கங்களை ஓரமாக வைத்துவிட்டு, எல்லாருக்கும் ஒரே படிவத்தை அனுப்புங்கள். பான் கார்டில் உள்ளபடி முழுப் பெயர் (பான் எண் வேண்டாம்), இப்போதைய நிறுவனமும் பதவியும், முந்தைய வேலைகள் மாதம் வருடத்தோடு, பதிவு எண், அது தன் பெயரிலா நிறுவனத்தின் பெயரிலா, இயக்குநராக இருக்கும் கம்பெனிகள், செபியோ பங்குச்சந்தையோ பிறப்பித்த உத்தரவு ஏதாவது உண்டா, பேசும் தலைப்பு. இவ்வளவு போதும். பெயரைப் பான்படி கேட்கக் காரணம் உண்டு. நம் பக்கம் இன்ஷியல் ஆளுக்கொரு விதம். மேடையில் ‘பி.எஸ். குமார்’ ஆக இருப்பவர் செபி பட்டியலில் ‘பழனிசாமி செந்தில்குமார்’ என்று இருப்பார். அந்தப் பழனிசாமியையே ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதுகிறோம். அதனால் தேடும்போது பெயரை நம்பாதீர்கள், எண்ணைப் போட்டுத் தேடுங்கள்.

செபி பதிவு எண்ணின் முதல் மூன்று எழுத்தே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். ஐஎன்ஏ என்றால் முதலீட்டு ஆலோசகர். ஐஎன்ஹெச் என்றால் ரிசர்ச் அனலிஸ்ட் (பங்கு ஆய்வாளர்). ஐஎன்பி போர்ட்ஃபோலியோ மேனேஜர் (வாடிக்கையாளரின் பணத்தை அவருக்காக முதலீடு செய்து நிர்வகிப்பவர்), ஐஎன்இசட் பங்குத் தரகர். நான்கிலும் எழுத்துக்குப் பின்னால் 9 இலக்கம் வரும். செபி இணையதளத்தில் ‘இன்டர்மீடியரீஸ்’ பகுதியில் ‘ரெகக்னைஸ்டு இன்டர்மீடியரீஸ்’ பட்டியலைத் திறந்து, வகையைத் தேர்ந்தெடுத்து எண்ணைக் கொடுத்தால் பெயர், முகவரி, மின்னஞ்சல், செல்லுபடிக் காலம் எல்லாம் வரும். அதோடு நிறுத்திவிடக் கூடாது. பட்டியலில் உள்ள மின்னஞ்சலுக்கு ‘எங்கள் கருத்தரங்கில் பேச ஒப்புக்கொண்டது நீங்கள்தானா’ என்று ஒரு வரி அனுப்புங்கள். அடுத்தவர் எண்ணைத் தன் எண்ணாகப் போட்டுக்கொள்வது மோசடிக்காரர்களுக்குப் பழகிய வேலை. எண் உண்மையானதாகவே இருக்கும், ஆள்தான் வேறு.

மோசடி என்று சொல்ல முடியாத, ஆனால் அடிக்கடி நடக்கும் குழப்பம் இன்னொன்று. பெரிய தரகு நிறுவனத்தின் ஆதரைஸ்டு பெர்சனாக ஊரில் அலுவலகம் வைத்திருப்பவர், அந்த நிறுவனத்தின் ஐஎன்இசட் எண்ணைத் தன் பெயருக்குக் கீழே போட்டு ‘செபி பதிவு பெற்றவர்’ என்று எழுதிவிடுவார். பதிவு நிறுவனத்துக்கு, இவர் அதன் முகவர். இவர் பெயர் பங்குச்சந்தைகளின் ஆதரைஸ்டு பெர்சன் பட்டியலில் இருக்கும், அங்கே பாருங்கள். ‘செபி பதிவு பெற்ற சப்-புரோக்கர்’ என்று யாராவது இன்னும் எழுதினால் அது பழைய பிளக்ஸிலிருந்து எடுத்தது. அந்த வகையே 2019 மார்ச்சோடு முடிந்துபோனது. அதேபோல ‘கோயமுத்தூர் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் உறுப்பினர்’ என்று இருந்தால் ‘முன்னாள்’ சேர்த்து அச்சிடுங்கள். அந்தச் சந்தை 2013-லேயே பங்குச்சந்தைத் தொழிலிலிருந்து வெளியேறிவிட்டது.

மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தருக்கு உரியது ஏஆர்என் என்ற பதிவு எண். அதை ஆம்ஃபி (மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களின் சங்கம்) இணையதளத்தில் பார்க்கலாம். மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பதால் கடைசித் தேதியைக் கவனியுங்கள். ஏஆர்என் மட்டும் வைத்திருப்பவர் ‘வெல்த் அட்வைசர்’, ‘இண்டிபெண்டென்ட் ஃபைனான்ஷியல் அட்வைசர்’ என்று போட்டுக்கொள்ள 2020 முதல் அனுமதி இல்லை. அழைப்பிதழில் ‘மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர்’ என்றே போடுங்கள். கோபப்பட்டால் விதியைக் காட்டுங்கள்.

‘வைஸ் பிரசிடென்ட்’ என்றதும் கம்பெனியில் இரண்டாம் இடம் என்று நினைக்க வேண்டாம். தனியார் வங்கிகளிலும் ஃபண்ட் நிறுவனங்களிலும் அது ஒரு நடுத்தர கிரேடு. ஒரே கட்டிடத்தில் பல பேர் இருப்பார்கள். எந்தத் துறையில் வைஸ் பிரசிடென்ட் என்று கேளுங்கள்: விற்பனையா, ஆய்வா, நிதி நிர்வாகமா? 25 வருடத்தில் 18 வருடம் இன்ஷூரன்ஸ் விற்பனை, 7 வருடம் பங்கு ஆய்வு என்றால் அதில் குறையொன்றும் இல்லை, அப்படியே பிரித்து எழுதினால் சரி. சொந்த நிறுவனத்தின் வயதைச் சொல்பவர்களுக்குக் கம்பெனிப் பதிவு எண் உதவும். 21 எழுத்து-எண் கொண்ட அந்த எண்ணுக்குள் பதிவான வருடமே இருக்கிறது. கோவைப் பதிவாளரிடம் பதிவானவற்றில் ‘டிஇசட்’ என்ற இரண்டு எழுத்துக்கு அடுத்த நான்கு இலக்கம்தான் அது. ‘இருபதாண்டு பாரம்பரியம்’ என்று எழுதியவர் எண்ணில் 2019 இருந்தால் கேள்வி கேட்கலாம்.

ஃபண்ட் மேனேஜர் வருகிறார் என்றால் வேலை சுலபம். அந்த நிறுவனத்தின் மாதாந்திர ஃபேக்ட்ஷீட்டில் (திட்ட விவர அறிக்கை) எந்தத் திட்டத்தை எந்தத் தேதியிலிருந்து அவர் நிர்வகிக்கிறார் என்று இருக்கும். பத்து வருட லாபத்தை அவர் பெயரில் சொல்ல வேண்டுமானால் அந்தப் பத்து வருடமும் அவர் அங்கே இருந்திருக்க வேண்டும். பிஎம்எஸ் (போர்ட்ஃபோலியோ மேனேஜர் தரும் சேவை) நடத்துபவர் ‘இத்தனை கோடி நிர்வகிக்கிறோம்’ என்றால் செபி வெளியிடும் போர்ட்ஃபோலியோ மேனேஜர் மாத அறிக்கையில் தொகை இருக்கிறது. பிஎம்எஸ்ஸில் சேரக் குறைந்தபட்சமே 50 லட்சம் என்பதையும் உறுப்பினர்களுக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.

சிஎஃப்ஏ என்பது முதலீட்டு ஆய்வுக்கானது; மூன்று லெவல் தேர்வோடு 4,000 மணி நேர வேலை அனுபவமும் கேட்கும் பட்டம். சிஎஃப்ஏ இன்ஸ்டிட்யூட்டின் உறுப்பினர் அடைவில் பெயரைத் தேடலாம். ‘லெவல் 2 பாஸ்’ என்றால் பெயருக்குப் பின்னால் அதைப் போட முடியாது. பட்டம் இருந்தாலும் அது படிப்பு. செபி பதிவு ஆகாது. ஆடிட்டர்களுக்கும் இதே கணக்குதான்: தொழிலோடு ஒட்டி ஆலோசனை சொல்ல விலக்கு உண்டு, தனியாக முதலீட்டு ஆலோசனைக் கடை விரிக்க இல்லை.

ஆறு பேரில் தலைவலி தரக்கூடியவர் யூடியூபில் டிரேடிங் சொல்லித்தருபவர். பதிவு இல்லாமல் பாடம் மட்டும் நடத்தலாம். ஆனால் 2025 ஜனவரியில் செபி வெளியிட்ட விளக்கப்படி, அந்தப் பாடத்தில் கடந்த மூன்று மாத விலைத் தரவைப் பயன்படுத்தி ஒரு பங்கின் எதிர்காலத்தைச் சொல்லவோ பரிந்துரைக்கவோ கூடாது. ஸ்லைடுகளை ஒரு வாரம் முன்பே வாங்கிப் பாருங்கள். நேற்றைய சார்ட் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். 2024 ஆகஸ்டில் வந்த திருத்தம் வேறு இருக்கிறது: பதிவு பெற்ற நிறுவனங்கள், பதிவில்லாமல் ஆலோசனை சொல்பவரோடும் லாப உத்தரவாதம் பேசுபவரோடும் பணத் தொடர்போ வாடிக்கையாளர் பரிமாற்றமோ வைத்துக்கொள்ளக் கூடாது. விழாவுக்கு ஃபண்ட் நிறுவனம் ஸ்பான்சர் என்றால் அவர்களின் கம்ப்ளையன்ஸ் பிரிவு (விதிகளைக் கவனிக்கும் பிரிவு) பேச்சாளர் பட்டியலைக் கேட்கும். பிளக்ஸ் கட்டிய பிறகு அவர்கள் விலகினால் சங்கத்துக்குத்தான் அவமானம். பட்டியல் முழுவதையும் முதலிலேயே அனுப்பிவிடுங்கள்.

அடுத்து, செபி இணையதளத்தின் ‘என்ஃபோர்ஸ்மென்ட்’ பகுதியில் ‘ஆர்டர்ஸ்’. ஒவ்வொருவர் பெயரையும் அவர்களுடைய கம்பெனி பெயரையும் போட்டுத் தேடுங்கள். ஏதாவது வந்தால் உடனே ஆளை ஒதுக்காமல் படியுங்கள். இடைக்கால உத்தரவு பின்னால் மாறியிருக்கலாம், மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ரத்து செய்திருக்கலாம். செட்டில்மென்ட் உத்தரவு என்றால் பெரும்பாலும் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் தொகை கட்டி முடித்தது. தடை இன்னும் நடப்பில் இருந்தால் மட்டும் பேச்சுக்கே இடமில்லை. படிவத்தில் ‘இல்லை’ என்று எழுதியவர் பெயரில் உத்தரவு கிடைத்தால், உத்தரவைவிட அந்த ‘இல்லை’தான் எனக்குப் பெரிதாகப் படும்.

இவ்வளவு பார்க்க வேண்டுமா என்று உங்கள் கமிட்டியில் கேட்பார்கள். அதிக லாபம் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கி ஏமாற்றிய பெருந்துறை ஈமு கோழிப் பண்ணையையும் திருப்பூர் பாசி நிறுவனத்தையும் நினைவுபடுத்துங்கள். பாசி வழக்கில் கோவை நீதிமன்றம் 2022-இல் 27 வருடச் சிறை விதித்தது. பணம் போட்டவர்கள் ஏமாந்தது 2009 வாக்கில். நம் ஊரில் யாரும் செபி பட்டியலைப் பார்த்துவிட்டுப் பணம் போடுவதில்லை. ‘சங்கத்துக்காரங்க கூட்டிட்டு வந்தவரு’ என்ற ஒரு வார்த்தை போதும்.

அச்சில் இரண்டு விஷயம். செபியின் லோகோ எங்கும் வரக் கூடாது. ஆலோசகர்களும் அனலிஸ்ட்டுகளும் தங்கள் விளம்பரத்தில்கூட அதைப் பயன்படுத்தக் கூடாது. பதிவு எண்ணுக்குப் பக்கத்தில் அது யார் பெயரில் உள்ளது என்று எழுதுங்கள். தொகுத்து வழங்குபவருக்கு அறிமுக வரிகளை எழுதியே கொடுங்கள். ‘பங்குச்சந்தைச் சக்கரவர்த்தி’ எல்லாம் மைக் கையில் கிடைத்த பிறகு முளைப்பவை. ரிசர்ச் அனலிஸ்ட் ஒரு பங்கைப் பற்றிப் பேசினால், தன் பதிவு நிலையையும் அந்தப் பங்கில் தனக்குள்ள முதலீட்டையும் அங்கேயே சொல்ல வேண்டும்; பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லச் சொல்லுங்கள்.

கருத்தரங்கு அன்று காலை ஒருவர் வர முடியாமல் உதவியாளரை அனுப்புவது சகஜம். நிறுவனத்தின் பதிவு இருந்தாலும், வந்தவர் அங்கே எந்தப் பதவியில் இருக்கிறார் என்று அதன் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். எண்ணை அவர் நீட்டும் விசிட்டிங் கார்டிலிருந்து எடுக்காமல் செபி பட்டியலிலிருந்து எடுங்கள். உறுதி கிடைக்காவிட்டால் அந்த நேரத்தைக் கேள்வி-பதிலுக்கு ஒதுக்கிவிடலாம்.