ரூர் டிவைட்: காலை 10 மணியிலிருந்து நகராத புள்ளி

ரூர் டிவைட் கனடாவிலிருந்து மெக்சிக்கோ எல்லைவரை போகும் மலைச் சைக்கிள் போட்டி. ஒவ்வொரு வீரரும் எங்கே என்பதை இணைய வரைபடத்தில் ஒரு புள்ளி காட்டும். அமெரிக்காவின் மொன்டானாவில் நீங்கள் பின்தொடரும் வீரரின் புள்ளி எங்கள் காலை 10 மணியிலிருந்து நகரவில்லையா? பெரும்பாலும் அவர் போட்டியிலிருந்து விலகவில்லை, நித்திரை கொள்கிறார். கொழும்பில் காலை 10 மணி என்றால் மொன்டானாவில் முதல் நாள் இரவு 10:30. யூன் மாதத்தில் அவர்கள் எங்களைவிட 11½ மணித்தியாலம் பின்னால்.

உறுதிப்படுத்த, புள்ளியை அழுத்திக் கடைசிச் சமிக்ஞை வந்த நேரத்தைப் பாருங்கள். பிறகு செய்மதிப் படத்துக்கு மாற்றிப் பெரிதாக்குங்கள். ஊர், மோட்டல், முகாமிடம் ஏதாவது தெரிந்தால் கவலையே வேண்டாம்.

நடுக்காட்டில் நிற்கிறதா? அதற்கு முந்தைய புள்ளிகளின் இடைவெளியைக் கவனியுங்கள். 10 நிமிடத்துக்கு ஒன்றாக வந்தது 40, 50 நிமிடமாக விரிந்திருந்தால் சிக்கல் கருவியில்தான். வீரர் கொண்டுபோகும் ஸ்பொட் ஜென்4 என்ற இடங்காட்டிக் கருவி செய்மதிக்குச் சமிக்ஞை அனுப்பும், போய்ச் சேர்ந்ததா என்று அதற்கே தெரியாது. பையில் சரிந்து முகம் கீழே திரும்பினாலோ, அடர்ந்த மரங்கள் வானத்தை மறைத்தாலோ சமிக்ஞை தவறும். உள்ளே நான்கு ட்ரிபிள் ஏ பற்றரி. லிதியம் போடாமல் அல்கலைன் போட்டவர்களுக்கு மலைக் குளிரில் சீக்கிரம் இறங்கிவிடும்.

இன்னொன்று: எங்கள் இரவு 8:30க்கு அங்கே காலை 9. அப்போதும் அசையாவிட்டால்கூட விலகல் என்று முடிவுகட்டாதீர்கள். கியர் உடைந்து, சைக்கிள் கடை திறக்கும்வரை காத்திருப்பவரின் புள்ளியும் இப்படித்தான் நிற்கும்.