இந்த மென்மை எதனால் வந்தது? வளையும் பிளாஸ்டிக் பற்றிச் சில கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே தவறிலிருந்து கிளம்பியவை. பொருள் எவ்வளவு மென்மை என்று கேட்டு வாங்குகிறோம், எதைப் போட்டு மென்மையாக்கினார்கள் என்று கேட்பதில்லை. அப்புறம் அது ஒழுகும், ஒட்டும், விறைக்கும், நமக்குக் காரணம் புரியாது.

பெட்டியில் கிடந்த அழிரப்பர் பிளாஸ்டிக் ஸ்கேலோடு ஒட்டிக்கொண்டது. பிய்த்தால் ஸ்கேலில் பள்ளம் விழுந்திருக்கிறது. வெயிலே படாத இடம், எப்படி உருகியது?

உருகவில்லை, ஸ்கேல் கரைந்திருக்கிறது. வெள்ளை அழிரப்பர்களில் பலவற்றில் ரப்பரே கிடையாது, அது பி.வி.சி. பி.வி.சி. இயல்பில் தண்ணீர்க் குழாய் மாதிரி விறைப்பானது, சுமார் 80 டிகிரி செல்சியஸ் தாண்டினால்தான் இளகும். குட்ரிச் நிறுவனத்தில் ரப்பரை உலோகத்தோடு ஒட்டவைக்கப் பசை தேடிக்கொண்டிருந்த வால்டோ சீமன், 1926-ல் அதைச் சூடான கரைப்பானில் கரைத்து ஆறவிட்டபோதுதான் வளைந்து நிமிரும் பி.வி.சி. கிடைத்தது. இன்றும் வழி அதுதான்: எண்ணெய் போன்ற பிளாஸ்டிசைசரை ஊறவைத்தால் மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவ ஆரம்பிக்கும். ஆனால் அந்த எண்ணெய் சங்கிலியோடு வேதிப் பிணைப்பில் இல்லை, சும்மா உள்ளே உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் பாலிஸ்டைரீன் ஸ்கேல் கிடைத்தால் மெல்ல அதற்குள் குடிபெயர்ந்து அதை இளக்கிவிடும். அழிரப்பருக்கு அட்டை உறை போட்டிருப்பதில் இதுவும் ஒரு காரணம், கழற்றி எறியாதீர்கள். தெர்மோகோலும் பாலிஸ்டைரீன்தான், இதே சங்கதி அதை ஒட்டி ஓடும் மின்கம்பியிலும் நடக்கும். தெர்மோகோல் அரிக்கும், கம்பியின் பி.வி.சி. உறை எண்ணெயை இழந்து விறைத்து விரிசல் விடும்.

இரண்டு குழாய்கள், மென்மையை அளக்கும் ஷோர் ஏ அளவில் இரண்டும் 60. ஒன்று பி.வி.சி., ஒன்று டி.பி.இ. (ரப்பர் போல வளையும், உருக்கி வார்க்கக்கூடிய பிளாஸ்டிக்) என்கிறார்கள். எப்படிப் பிரிப்பது?

முதலில் ஒரு துண்டு வெட்டித் தண்ணீரில் போடுங்கள், காற்றுக் குமிழி ஒட்டாமல் அழுத்தி விடுங்கள். கலப்பு இல்லாத எஸ்.இ.பி.எஸ். வகை டி.பி.இ. மிதக்கும், அடர்த்தி 0.9 பக்கம். மென் பி.வி.சி. 1.2 பக்கம், மூழ்கும். ஆனால் மூழ்கியதெல்லாம் பி.வி.சி. என்று முடிவு கட்டாதீர்கள், டி.பி.யூ.வும் (பாலியூரித்தேன் வகை டி.பி.இ.) மூழ்கும், சுண்ணாம்புத் தூள் சேர்த்த டி.பி.இ.யும் மூழ்கும். அதற்கு அடுத்த சோதனை செம்புக் கம்பி. கம்பியைச் சிவக்கக் காய்ச்சி, பிளாஸ்டிக்கில் தொட்டு, திரும்பச் சுடரில் காட்டினால் பச்சைச் சுடர் வந்தால் குளோரின் இருக்கிறது, அநேகமாக பி.வி.சி.தான். வரும் புகை அமிலப் புகை, காற்றோட்டமான இடத்தில் துளியளவு மட்டும் செய்யுங்கள்.

சூடான மூடிக்கு ரப்பர் கேஸ்கெட்டுக்குப் பதில் டி.பி.இ. போட்டோம். முதலில் கச்சிதம், சில வாரத்தில் கசிவு. மென்மை சரியாகத்தான் இருக்கிறது.

மென்மையை அளந்தீர்கள், மீளும் தன்மையை அளக்கவில்லை. எஸ்.இ.பி.எஸ். சங்கிலியின் நடுப்பகுதி ரப்பர், இரு முனைகளும் பாலிஸ்டைரீன். முனைகள் அங்கங்கே கூடி முடிச்சுப் போட்டு ரப்பரைப் பிடித்து வைத்திருக்கின்றன. சூடேற்றினால் முடிச்சு அவிழும், அதனால்தான் அதை உருக்கி வார்க்க முடிகிறது, ஆறினால் திரும்ப முடிச்சு விழும். பாலிஸ்டைரீன் இளகுவது 100 டிகிரி வாக்கில் என்றாலும், இறுக்கத்தில் வைத்துச் சூடும் கொடுத்தால் அதற்கு வெகு முன்பே முடிச்சுகள் நழுவ ஆரம்பித்துவிடும். உங்கள் கேஸ்கெட் நசுங்கிய வடிவத்தையே தன் வடிவமாக எடுத்துக்கொண்டுவிட்டது.

சப்ளையரிடம் கம்ப்ரஷன் செட் எண் கேளுங்கள். 4 மி.மீ. துண்டை 3 மி.மீ.க்கு அழுத்தி, 70 டிகிரியில் 22 மணி நேரம் வைத்து, விட்டபின் அது 3.6-க்குத்தான் எழும்பினால், நசுக்கிய 1 மி.மீ.யில் 0.4 திரும்பவில்லை, செட் 40 சதவீதம். எந்தச் சூட்டில் அளந்த எண் என்றும் கேளுங்கள், அறைச் சூட்டில் எடுத்த அழகான எண்ணைக் காட்டுபவர்கள் உண்டு. உங்கள் வேலைக்கு டி.பி.வி. பாருங்கள்: பாலிப்ரொப்பிலீனுக்குள் ஏற்கெனவே வல்கனைஸ் ஆன, அதாவது சங்கிலிகளைக் குறுக்கே வேதிப் பிணைப்பால் கட்டிய, இ.பி.டி.எம். ரப்பர்த் துகள்கள், அந்தக் குறுக்குப் பிணைப்பு சூட்டில் அவிழாது. அதற்கும் மேல் சூடு என்றால் மனத்தைத் தேற்றிக்கொண்டு ரப்பருக்கே திரும்புங்கள்.

டி.பி.யூ. மோல்டிங்கில் வெள்ளிக் கோடும் குமிழியும் வருகின்றன.

ஈரம். பெரும்பாலான கிரேடுகளுக்கு 80 முதல் 100 டிகிரியில் 2 முதல் 4 மணி நேரம் உலர்த்த வேண்டும், மூட்டையைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் திரும்பவும் ஈரம் இழுத்துக்கொள்ளும். குமிழி கண்ணுக்குத் தெரிகிற கெடுதல் மட்டுமே, உருகிய நிலையில் தண்ணீர் சங்கிலியையே வெட்டுகிறது. பார்க்கப் பரவாயில்லாத துண்டும் பலம் குறைந்தே இருக்கும், அதை அனுப்பாதீர்கள்.

டார்ச்சின் கைப்பிடி பிசுபிசுக்கிறது.

நகத்தால் சுரண்டுங்கள். மெல்லிய தோலாக உரிந்தால் அது மேலே அடித்த மென்தொடு பூச்சு, பாலியூரித்தேன், காற்றின் ஈரத்தில் சிதைந்திருக்கிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் முழுக்கத் துடைத்தெடுங்கள், அடியில் கெட்டியான பிளாஸ்டிக் சுத்தமாக இருக்கும். மாறாக கைப்பிடியே தடிமனாக மென்மையாக இருந்து, சோப்பில் கழுவிய சில நாளில் எண்ணெய்ப் பசை திரும்ப வந்தால், அது எஸ்.இ.பி.எஸ்.ஸிலிருந்து கசியும் மினரல் ஆயில். ஆமாம், டி.பி.இ.யிலும் எண்ணெய் உண்டு. ரப்பர்ப் பகுதி அதை நன்றாகவே பிடித்து வைக்கும், அளவுக்கு மீறி ஊட்டி மிக மென்மையான கிரேடு செய்தால்தான் வெளியே தள்ளும்.

பிளாஸ்டிசைசராகத் தாலேட் போட்ட பி.வி.சி. எல்லாமே ஆபத்தா?

குழந்தை வாயில் வைக்கும் பொருளுக்கு வேண்டவே வேண்டாம், ஐரோப்பாவில் டி.இ.எச்.பி. முதலிய சில தாலேட்டுகளுக்குப் பொம்மைகளில் எடையில் 0.1 சதவீதம்தான் உச்சவரம்பு. ஆனால் ரத்தப் பைகளில் இதே டி.இ.எச்.பி. பல வருடமாக நிற்பதற்கு ஒரு காரணம் உண்டு: பையிலிருந்து ரத்தத்துக்குள் போகும் சிறிதளவு, சிவப்பணுக்களின் சவ்வு உடையாமல் காக்கிறது. மாற்றுப் பொருள் தேடுபவர்கள் அந்த வேலைக்கும் ஈடு சொல்ல வேண்டியிருக்கிறது.

அசிட்டல் என்ற கெட்டி பிளாஸ்டிக்கை ஓட்டிய மோல்டிங் மெஷினில் உடனே பி.வி.சி. ஓட்டலாமா?

கூடாது. பி.வி.சி. சிதைந்தால் அமில வாயு வரும், அந்த அமிலம் அசிட்டலைச் சிதைக்கும், ஃபார்மால்டிஹைடு பீறிடும், பிளாஸ்டிக் உருகும் பேரலுக்குள் அழுத்தம் ஏறி உருகிய பிளாஸ்டிக் நாசில் வழியே வெடித்து வெளியே வரலாம். நடுவில் பாலிஎத்திலீன் விட்டு நன்றாகச் சுத்தம் செய்தே தீர வேண்டும், ஸ்கிராப்பும் கலக்கக் கூடாது. கண்ணெரிச்சலான வாடை வந்தால் ஹீட்டரை நிறுத்திவிட்டு எல்லோரும் விலகுங்கள். கடைசியாக எது ஓடியது என்று பிளாஸ்டிக் மணிகளைக் கொட்டும் ஹாப்பரின் மூடியில் சாக்பீஸால் எழுதி வைக்கச் சொல்லுங்கள், இரவு ஷிஃப்டில் வருபவருக்கு அந்த ஒரு வரி போதும்.