விளையாடும்போது மட்டும் கிராபிக்ஸ் கார்டு நின்றுபோனால் கார்டை மாற்றிவிட வேண்டுமா?

கேட்டவர் சொல்லும் நிலை இதுதான்: படம் பார்க்கும்போதோ இணையத்தில் உலவும்போதோ கணினியில் ஒரு குறையும் இல்லை, கனமான விளையாட்டைத் திறந்து பத்துப் பதினைந்து நிமிடம் ஆனதும் திரை கறுத்துவிடுகிறது, கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரைப் புதுப்பித்தும் பயனில்லை. இப்போதைக்குக் கார்டை மாற்ற வேண்டாம் என்பதே என் பதில். ஏறத்தாழ இதே தொல்லையைச் சென்னை காசிமேட்டில் உள்ள என் வீட்டில் ஐந்து மாதம் அனுபவித்தவன் நான். அத்தனை நாளும் கார்டை மட்டுமே சந்தேகித்துக்கொண்டிருந்தது என் தவறு.

திரை எப்படிக் கறுக்கிறது என்பதை முதலில் கவனியுங்கள். ஒரு கணம் கறுத்து மீண்டும் வந்து, விளையாட்டு மட்டும் மூடிக்கொண்டால், கணினியில் நடந்தவற்றின் பதிவுகளைக் காட்டும் விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் ‘டிஸ்ப்ளே 4101’ என்ற பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். கார்டிடமிருந்து 2 நொடிக்குள் பதில் வராவிட்டால், டிரைவரை விண்டோஸே மீட்டமைத்துவிடும். அதைத்தான் அந்தப் பதிவு குறிக்கிறது. விண்டோஸின் உள்ளமைப்புகள் அடங்கிய ரெஜிஸ்ட்ரியில் அந்த 2 நொடியை 10 நொடியாக்கச் சொல்பவர்கள் உண்டு. அது நோயை விட்டுவிட்டு வெப்பமானியைத் திருத்துவது போன்றது. கணினி முழுவதும் அணைந்து தானே மீண்டும் எழுந்தால் ‘கெர்னல்-பவர் 41’ என்று பதிவாகும். முறையாக நிறுத்தப்படாமல் கணினி நின்றது என்பதைத் தவிர வேறு எதையும் அது சொல்வதில்லை. ஆனாலும் அந்த நிலையில், கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகிப்பது முறை. மூன்றாவதாக, கணினியோடு மானிட்டரின் சிறு விளக்கும் அணைந்துபோனால், கோளாறு கேபினெட்டுக்கு வெளியே இருக்கிறது.

எனக்கு நேர்ந்தது அந்த மூன்றாவது வகை. மாலை ஏழு மணிக்கு மேல், அதுவும் கோடைக்காலத்தில், விளையாட்டின் நடுவே எல்லாம் ஒரே நொடியில் அணைந்துவிடும். யூபிஎஸ்ஸின் பொத்தானை மறுபடி அழுத்தினால்தான் உயிர் வரும். பழுது பார்க்க வந்தவர், கார்டு உள்ளே ஷார்ட் ஆகி யூபிஎஸ்ஸை இழுப்பதாகச் சொன்னார்; நானும் நம்பினேன். ஆனால் பெரம்பூரில் நண்பரின் கணினியில் அதே கார்டைப் பொருத்தி மூன்று மணி நேரம் விளையாடியபோது ஒரு முறைகூட நிற்கவில்லை. உண்மையைக் கண்டுபிடித்தவர் என் அம்மா. “நீ காதுல மாட்டிக்கினு ஆடும்போது மேஜைக்குக் கீழ அந்தப் பொட்டி கத்துதுப்பா” என்றார். ஹெட்போன் போட்டிருந்ததால் யூபிஎஸ்ஸின் அந்த எச்சரிக்கை ஒலி எனக்குக் கேட்கவே இல்லை.

என்னுடையது 600 விஏ (வோல்ட்-ஆம்பியர்) யூபிஎஸ். அது தாங்கக்கூடியது 360 வாட் மட்டுமே. என் ஆர்டிஎக்ஸ் 3070 கார்டுக்கு மட்டும் 220 வாட் வேண்டும். பிராசஸர், மதர்போர்டு, விசிறிகள், மானிட்டர் ஆகியவற்றையும் எஸ்எம்பிஎஸ்ஸில் வீணாகும் மின்சாரத்தையும் கூட்டினால் 400 வாட்டை நெருங்குகிறது. கார்டு கணநேரம் இழுக்கும் கூடுதல் மின்சாரம் தனி. பகலில் தெருவின் மின்னழுத்தம் சரியாக இருந்ததால் யூபிஎஸ் அதை அப்படியே கடத்திவிட்டது; மாலையில் வீடுதோறும் ஏசி ஓடத் தொடங்கி மின்னழுத்தம் இறங்கியதும் அது பேட்டரிக்கு மாறியது, சுமை தாங்காமல் தன்னை நிறுத்திக்கொண்டது. எர்த் இணைப்புள்ள சுவர் பிளக்கில் கணினியை நேரடியாகச் செருகி இரண்டு மாலை விளையாடிப் பார்த்தேன். ஒரு முறையும் அணையவில்லை. செலவில்லாத இந்தச் சோதனையை நீங்கள் இன்றே செய்துவிடலாம்.

அதோடு கதை முடியவில்லை. அணைவது நின்ற பிறகு, விளையாட்டு மட்டும் மூடிக்கொள்ளும் முதல் வகைக் கோளாறு தலைகாட்டியது. கார்டின் வெப்பம் 78 டிகிரிதான் என்று நிம்மதியாக இருந்தேன்; வெப்பத்தை அளந்து காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் ஹாட்ஸ்பாட் (சிப்பில் மிகச் சூடான புள்ளி) என்ற வரியைப் பார்த்தபோது அது 104 டிகிரியைக் காட்டியது. இவ்விரண்டுக்கும் இடையே பத்துப் பதினைந்து டிகிரி இருப்பது இயல்பு. 26 டிகிரி என்றால், சிப்பின் சூட்டை ஹீட்சிங்க்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். எண்ணூர் விரைவுச் சாலையில் போகும் கண்டெய்னர் லாரிகளின் புழுதியும் கடலின் உப்பு ஈரமும் சேர்ந்து, சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகளான அந்த ஹீட்சிங்க்கில் பசைபோல ஒட்டிக்கொள்கின்றன. ப்ளோயரால் ஊதினால் அது போகாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் மெல்லிய தூரிகையும் கொண்டு துடைத்து, புதிய பேஸ்ட் வைத்த பிறகு அந்த இடைவெளி 13 டிகிரியாகக் குறைந்தது. உங்கள் கார்டுக்கு வாரண்டி இருந்தால் திருகைத் தொடுவதற்கு முன் அதன் விதிகளைப் படித்துவிடுங்கள்.

கேபினெட்டைத் திறக்கும்போது மின்கேபிளையும் பாருங்கள். கார்டைச் செருகும் மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்து 75 வாட்டும் ஒரு 8 பின் கனெக்டரிலிருந்து 150 வாட்டும் வரை கிடைக்கும். இரண்டு கனெக்டர் தேவைப்படும் கார்டுக்கு, ஒரே கேபிளின் இரு தலைகளைச் செருகாமல் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனித்தனிக் கேபிள்களாகக் கொடுப்பது நல்லது. ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கார்டின் மின்சார வரம்பான பவர் லிமிட்டை 80 சதவீதமாகக் குறைத்துச் சிறிது நேரம் விளையாடிப் பாருங்கள். கோளாறு நின்றால் காரணம் பெரும்பாலும் மின்சாரமோ வெப்பமோதான். எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான் டிரைவர், ரேம், கேபிள் மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு, எது உதவியது என்று தெரியாமல் விழித்ததுண்டு.

கார்டே கெட்டிருப்பதற்கான அடையாளம் வேறு. திரையில் வண்ணக் கட்டங்களோ கோடுகளோ சிதறி, அவை விண்டோஸ் ஏறுவதற்கு முன் பயாஸ் திரையிலும் தெரிந்தால், கார்டின் நினைவகத்தையோ சிப்பையோ சந்தேகிக்கலாம். 2022 செப்டம்பரில் கிராபிக்ஸ் கார்டுகளைக் கொண்டு எதீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தை ஈட்டும் மைனிங் முடிவுக்கு வந்தபின், இரவு பகலாக உழைத்துக் களைத்த கார்டுகள் பல பழைய பொருள் சந்தைக்கு வந்தன. உங்களுடையது ரிச்சி ஸ்ட்ரீட் மின்னணுக் கடைகளில் பழையதாக வாங்கியது என்றால், நண்பர் ஒருவரின் கணினியில் பொருத்திப் பார்த்து, அங்கும் அதே கோடுகள் தெரிந்த பிறகு புதியதற்குப் பணம் எடுங்கள்.