அந்த மூணாவது பச்சை லைட்

"சார், ட்ரெயினிங்ல பைப்பர் ஏரோங்கிற சின்ன ப்ளேன் ஓட்டுறேன். போன வாரம் ரன்வேயைச் சுத்தி வர்ற சர்க்யூட்ல, சக்கரத்தை இறக்குற கியர் லீவரைப் போட்டா, சக்கரத்துக்கு ஒண்ணா மூணு எரிய வேண்டிய இடத்துல ரெண்டு பச்சை லைட்தான் எரிஞ்சுது, மூக்குச் சக்கரத்தோடது எரியல. குனிஞ்சு பாத்தேன். இன்ஸ்ட்ரக்டர் 'நீ ப்ளேனை மட்டும் ஓட்டு'ன்னு கத்திட்டு மீதி எல்லாத்தையும் அவரே பண்ணாரு. நல்லபடியா இறங்கிட்டோம். ஆனா எனக்கு எதுவும் கத்துக்குடுக்கல. பின்சீட்ல இன்னொரு ஸ்டூடண்ட் இருக்கும்போது கத்தினது சரியா? சக்கரத்தை இறக்குற எமர்ஜென்சி லீவரை எப்ப போடணும்?"

அன்புள்ள தம்பி,

பத்திரமா இறங்கிட்ட, சந்தோஷம்பா. கத்தினது, பின்சீட்டுப் பையன் கேட்டது எல்லாத்தையும் விட்டுத் தள்ளு. ஆனா 'எதுவும் கத்துக்குடுக்கல'ன்னு எழுதியிருக்க பாரு, அதைப் படிச்சதும் எனக்கு சுர்ருன்னு கோவம் வந்துச்சு. ரொம்ப நாளா மனசுல ஓடிட்டு இருக்கிற விஷயம், அதான் பதில் எழுதுறேன்.

1972 டிசம்பர் 29 ராத்திரி, மயாமி, ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401. லாக்ஹீட் ட்ரைஸ்டார், அப்ப புத்தம்புது ப்ளேன். உனக்கு வந்த அதே பிரச்சினை, மூக்குச் சக்கரத்தோட பச்சை லைட் எரியல. 2000 அடியில ஆட்டோபைலட்ல போட்டுட்டு கேப்டனும் கோ-பைலட்டும் அந்த லைட்டையே நோண்டிட்டு இருந்தாங்க, ஃப்ளைட் இன்ஜினியர் சக்கரத்தைப் பாக்க கீழ இறங்குனாரு, கூட வந்திருந்த மெயின்டனன்ஸ்காரரும் பின்னாடியே போனாரு, இதுக்கு நடுவுல உயரத்தைப் பிடிச்சு வெச்சிருந்த ஆட்டோபைலட் விட்டுப்போச்சு, உயரம் குறையுதுன்னு மணி அடிச்சும் யாரும் கண்டுக்கல, ப்ளேன் கொஞ்சங் கொஞ்சமா இறங்கி எவர்க்ளேட்ஸ் சதுப்புல மோதி 101 பேர் செத்தாங்க. சக்கரம் இறங்கித்தான் இருந்துச்சு தம்பி, போனது பல்பு. நாலு பேர் இருந்தும் ப்ளேனை ஓட்ட ஒருத்தரும் இல்ல.

ஆறு வருஷத்துக்கு ஒரே ஒரு நாள் குறைச்சலா, 1978 டிசம்பர் 28, அமெரிக்காவுல போர்ட்லாண்ட், யுனைடெட் ஏர்லைன்ஸ் 173, டிசி-8 ப்ளேன். அங்கயும் கியர்தான். அதைப் பாத்துக்கிட்டே ஒரு மணி நேரம் போல சுத்தி, எரிபொருள் தீர்ந்து விழுந்து 10 பேர் போயிட்டாங்க. காக்பிட்ல யார் எந்த வேலையைப் பாக்கணும்னு தனியா பயிற்சி குடுக்குறாங்களே, அது வேரூன்றினதே இந்த விபத்துக்கு அப்புறம்தான்.

நான் சொல்லிக்குடுத்த காலத்துல ஏரோல ஒண்ணு செய்வேன். அதுல ராத்திரிக்குப் போடுற நேவிகேஷன் லைட் சுவிட்சைப் போட்டா கியர் லைட் மங்கிடும், பகல் வெளிச்சத்துல எரியாத மாதிரியே இருக்கும். நல்ல உயரத்துல வெச்சு சத்தமில்லாம அந்த சுவிட்சைத் தட்டிட்டு பையன் எங்க பாக்குறான்னு கவனிப்பேன். முக்காவாசிப் பேர் தலையைக் குனிஞ்சுடுவாங்க, உயரம் காட்டுற ஆல்டிமீட்டர் பாட்டுக்கு இறங்கிட்டே இருக்கும். நீயும் குனிஞ்சிருக்க, நீயே எழுதியிருக்க. உன் இன்ஸ்ட்ரக்டர் உன் தலையை நிமிர்த்தி விட்டிருக்காரு, அதைப் போய் கத்துக்குடுக்கலங்கிறியே!

எமர்ஜென்சி லீவர் கேட்டிருந்த இல்ல? மொதல்ல அந்த நேவிகேஷன் சுவிட்ச் ஆஃப்ல இருக்கான்னு பாக்கணும், அப்புறம் பல்பை மாத்திப் போட்டுப் பாக்கணும், அதுக்கும் சரியாகலேன்னா மேனுவல்ல சொன்ன வேகத்துக்குக் கீழ வந்து லீவரை அமுக்கு. ஹைட்ராலிக் பிரஷர் விட்டதும் சக்கரம் தன் எடையிலயே விழும். அடுத்த தடவை ஹேங்கர்ல ப்ளேனை ஜாக்ல தூக்கி கியர் சோதிக்கும்போது இன்ஜினியர்கிட்ட கேட்டு பக்கத்துல போய் நில்லு. உன் இன்ஸ்ட்ரக்டரையும் கூட்டிட்டுப் போ.