வீட்டிலேயே செய்த கோழிக்கூண்டு காலையில் திறந்ததும் கண் எரிகிறது, என்ன செய்வது?

கீரிக்குப் பயந்து நாலு பக்கமும் பலகை அடித்து மூடிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கண் எரிவதற்குக் காரணம் அம்மோனியா. ஈரமான எச்சத்திலிருந்து கிளம்பும் இந்த வாயு காற்றைவிட லேசானது. வெப்பமும் மூச்சின் ஈரமும் சேர்ந்து மேலே போகும். வெளியேற வழியில்லாவிட்டால் கோழிகளுக்குச் சளி, கண் நோய் வரும்.

எனவே கூரையை ஒட்டி, எதிரெதிர்ச் சுவர்களில் நீளவாக்கில் திறப்பு விடுங்கள். அது கோழிகள் அடையும் கம்புக்கு மேலே இருக்கட்டும்; குளிர்காற்று நேராக உடம்பில் படாது. அரை அங்குலக் கண்ணுள்ள, பற்றவைத்த கம்பி வலை அடித்தால் கீரியும் பாம்பும் பெரும்பாலும் நுழையாது. மெல்லிய கம்பியை முறுக்கிப் பின்னிய கோழி வலையை மட்டும் நம்பாதீர்கள், மரநாய் பிய்த்துவிடும். சாரலுக்குக் கூரையை வெளியே நீட்டிவிடுங்கள். மழைக்காலத்திலும் திறப்பை அடைக்க வேண்டாம், ஈரம்தான் குளிரைவிட மோசம்.

அப்புறம், தரையில் உமி பரப்பி, நனைந்ததை உடனே அள்ளிவிடுங்கள்.