54 வயதில் முதல் வழக்கு: அம்மா இனி திருடியா?

கேள்வி: காரைக்குடியில் ஆச்சி வீட்டில் அம்மா 9 வருடமாகச் சமையல் வேலை. வெள்ளிக் குத்துவிளக்கை அடகு வைத்துவிட்டார். வழக்குப் பதிவாகிவிட்டது. அடகுச் சீட்டைக் குழுக் கடன் அட்டைக்குள் மடித்து வைத்திருந்தார். கோர்ட்டில் ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டிவிடலாம், 25,000 ரூபாய் கொடு என்கிறார் ஒருவர். கை பழகிவிட்டால் விடாது என்கிறார்கள் சொந்தக்காரர்கள். உண்மையா?

பதில்: சொந்தக்காரர்கள் சொல்வதை ஒதுக்குங்கள். ஆண்கள் குற்றத்தில் இறங்குவது பெரும்பாலும் பதின்வயதில். இருபதைத் தாண்டியதும் குறைந்துகொண்டே வரும். நடுவயதில் முதன்முறை சிக்கும் பெண்கள் வேறு ரகம். பின்னால் பல நேரம் கடனோ கணவரின் நோயோ இருக்கும். பெரும்பாலோர் திரும்ப அந்தப் பக்கம் போவதில்லை. அம்மாவின் வாரத் தவணை அட்டையே காரணத்தைச் சொல்கிறதே!

எனக்குப் பயம் அந்த 25,000 ரூபாய் ஆளைப் பற்றித்தான். ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டினால் அது தண்டனை, பதிவில் நிற்கும். வேலைக்காரர் திருட்டுக்கு 7 ஆண்டு வரை சிறையும் உண்டு, ஃபைனோடு விடுவார்கள் என்று இவர் எப்படி உறுதி சொல்கிறார்? வாய்தா வாங்கியே வருடக்கணக்கில் இழுக்கும் நம் கோர்ட்டுகளின் அலுப்புதான் இவர்களுக்குச் சோறு போடுகிறது. ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

ஆச்சி சம்மதித்தால் கோர்ட் அனுமதியோடு சமரசம் செய்யலாம். அது விடுதலைக்குச் சமம். ஸ்டேஷனில் பேசி முடிப்பது சமரசமே அல்ல. ஆச்சி மறுத்து, குற்றம் நிரூபணமானாலும், 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் 3-வது பிரிவில், தண்டனை தராமல் எச்சரித்து விடும்படி கேட்கலாம். அப்படி விட்டால் தண்டனையால் வரும் தகுதியிழப்பு ஒட்டாது.

இதில் ஒரு விலக்கு உண்டு. முன்பே தண்டனை பெற்றவருக்கு 3-வது பிரிவு கிடையாது. முன்பு வழக்குப் பதிவானது தண்டனை அல்ல. ஸ்டேஷனுக்கு அழைத்து விசாரித்ததும் அல்ல. விடுதலையான வழக்கும் அல்ல. ஆனால் முன்பு இதே சட்டத்தில் எச்சரித்தோ நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கியோ விட்டிருந்தால், அதையும் முன்தண்டனையாகவே எடுத்துக்கொள்வார்கள். இதை மறைத்து மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. அம்மாவிடம் பக்கத்தில் உட்கார்ந்து, மிரட்டாமல் கேளுங்கள்.

பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தரச் சட்டமே இருக்கிறது. இதை யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. 15100-க்குப் போன் செய்யுங்கள். அல்லது கோர்ட் வளாகத்தில் சட்டப் பணிகள் குழு அலுவலகத்தைக் கேட்டு நேரே போங்கள். ஆச்சியிடம் பேசுவதையும் அந்த வக்கீலிடமே விடுங்கள். போகும்போது குழுக் கடன் அட்டையை மறக்காதீர்கள்.