பள்ளியில் லத்தீன் இல்லை. கிளாசிக்ஸ் பட்டம் படிக்க முடியுமா?

கேள்வி: லண்டனில் இருக்கிறோம். மகள் பன்னிரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பள்ளி இறுதித் தேர்வான ஏ லெவலில் வரலாறு, ஆங்கில இலக்கியம், கிளாசிக்கல் சிவிலைசேஷன் (பண்டைய கிரேக்க, ரோம நாகரிகம்) எடுத்திருக்கிறாள். பல்கலைக்கழகத்தில் கிளாசிக்ஸ், அதாவது பண்டைய கிரேக்கமும் லத்தீனும்தான் படிப்பேன் என்று ஒரே பிடியாக நிற்கிறாள். அவள் பள்ளியில் லத்தீனே கிடையாது. இனிமேல் தொடங்கி எட்டிப்பிடிக்க முடியுமா? அவளுடைய அப்பாவுக்கு அவள் சட்டம் படிக்க வேண்டும் என்று ஆசை. இந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு பிறகு என்ன செய்வாள்?

பதில்: முடியும். இதில் தயக்கமே வேண்டாம். ஒரு காலத்தில் ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் லத்தீன் தெரியாமல் சேரவே முடியாது. வேதியியல் படிக்க வந்தவருக்கும் அதே விதிதான். 1960-ஐ ஒட்டி அந்த நிபந்தனை போனது. அதற்குப் பின் அரசுப் பள்ளிகளில் லத்தீன் வேகமாகக் குறைந்தது. பள்ளியிலேயே படித்துவிட்டு வருபவர்களை மட்டும் நம்பியிருந்தால் துறைக்கு மாணவர்களே இருக்க மாட்டார்கள். அதனால் பல்கலைக்கழகங்கள் இரு மொழிகளையும் அரிச்சுவடியிலிருந்து கற்றுத்தர ஏற்பாடு செய்துகொண்டன. இன்று உங்கள் மகளைப் போல ஒன்றும் தெரியாமல் வந்து சேர்பவர்கள் பெரும்பாலான கிளாசிக்ஸ் துறைகளில் இருக்கிறார்கள்.

நீங்கள் கவனமாக இருக்க வேண்டியது பட்டத்தின் பெயரில். ‘கிளாசிக்ஸ்’ என்றால் பெரும்பாலும் கிரேக்கமோ லத்தீனோ இரண்டுமோ கட்டாயம்; மூல நூல்களை மூல மொழியிலேயே படிக்க வேண்டும். ‘கிளாசிக்கல் ஸ்டடீஸ்’, ‘கிளாசிக்கல் சிவிலைசேஷன்’ என்று இருந்தால் இலக்கியம், மெய்யியல், கலை எல்லாம் உண்டு, ஆனால் மொழிபெயர்ப்பில். மொழி பெரும்பாலும் விருப்பப் பாடம். ‘ஏன்ஷியன்ட் ஹிஸ்டரி’ (பண்டைய வரலாறு) தனி. ஒரே துறையில் இந்த மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். மொழியே வேண்டும் என்று நிற்கும் பிள்ளை பெயரை மட்டும் பார்த்துச் சேர்ந்துவிட்டு, இரண்டாம் ஆண்டில் ஹோமரை ஆங்கிலத்தில் மட்டும் படித்துக்கொண்டிருந்தால் மனம் உடைந்துபோகும். பல்கலைக்கழகத்தை நேரில் பார்க்க அழைக்கும் ஓபன் டேயில் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: ஒன்றுமே தெரியாமல் வரும் மாணவர் கடைசி ஆண்டில் இரு மொழியிலும் மூலத்தைப் படிக்கும் நிலைக்கு வந்துவிடுவாரா, அதற்கு ஒவ்வோர் ஆண்டும் எந்தெந்த வகுப்புகள் இருக்கின்றன? தரவரிசைப் பட்டியலைவிட இந்தப் பதில் முக்கியம்.

கேம்பிரிட்ஜில் இதற்கென்றே நான்கு ஆண்டுப் படிப்பு உண்டு. முதலாண்டு முழுக்க லத்தீனுக்கு அடித்தளம். அப்புறம் ஏ லெவல் லத்தீனோடு வந்தவர்களுடன் சேர்ந்துகொள்ளலாம். கிரேக்கம் தெரியாமல் வருபவர்களுக்கு அங்கே தொடக்கநிலை வகுப்பு இருக்கிறது. ஆக்ஸ்போர்டில் கிளாசிக்ஸ் எல்லாருக்குமே நான்கு ஆண்டு. பள்ளியில் இரண்டு மொழியும் படிக்காதவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். டர்ஹம், எடின்பரோ, எக்ஸெட்டர், பிரிஸ்டல் ஆகியவற்றையும் பாருங்கள். வீட்டிலிருந்தே போய்வர வேண்டுமென்றால் லண்டனிலேயே யூசிஎல், கிங்ஸ் காலேஜ் இரண்டும் நல்ல துறைகள்.

சேர்ந்த பிறகு உண்மையான சோதனை முதலாண்டுதான். பள்ளிப் பிள்ளைகள் பல ஆண்டுகளாகப் படித்த இலக்கணத்தைத் தொடக்கநிலை வகுப்பு ஒரே ஆண்டில் முடித்துவிடும். லத்தீனில் பெயர்ச்சொல் ஐந்து வகையாகத் திரியும், வினை நான்கு வகை. கிரேக்க எழுத்து 24-ஐயும் ஒரு வாரத்தில் பழகிவிடலாம். ஆனால் கிரேக்க வினையோடு மல்லுக்கட்ட மாதக்கணக்கில் ஆகும். இரண்டு வாரம் வகுப்பைக் கோட்டைவிட்டு பிறகு சேர்த்துப் படித்துக்கொள்ளலாம் என்பது வரலாற்றுக் கட்டுரைக்குச் சரிப்படலாம், இங்கே சரிப்படாது. தினமும் அரை மணி நேரமாவது சொற்களையும் வாய்பாட்டையும் சொல்லிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் சராசரி மாணவரும் கரையேறிவிடுவார். அது இல்லாமல் கெட்டிக்காரப் பிள்ளைகள் திணறுவதைப் பார்த்திருக்கிறேன்.

மகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியும் என்றால் அது கைகொடுக்கும். வேற்றுமை உருபு என்பது ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களுக்கு முற்றிலும் புதிய கருத்து. ‘நாய் பையனைக் கடித்தது’ என்றாலும் ‘பையனை நாய் கடித்தது’ என்றாலும் கடிபட்டது யார் என்பது நமக்குச் சந்தேகமில்லாமல் தெரியும். லத்தீன் வாக்கியமும் அப்படித்தான் நிற்கிறது. வினை கடைசியில் வருவதும் நமக்குப் பழக்கம். முதல் மாதத்தில் மற்றவர்கள் முட்டி நிற்கும் இடம் இதுவே.

இந்தக் கோடையில் எதைத் தொடங்குவது? அவள் எதைப் படிக்கத் துடிக்கிறாளோ அதை. ஹோமரும் சோகக் கூத்துகளும்தான் இழுக்கின்றன என்றால் கிரேக்கம். இரண்டும் சமம் என்றாலோ, கேம்பிரிட்ஜ் மனதில் இருந்தாலோ லத்தீன். ஒரு பாடநூலில் பாதியை ஒழுங்காக முடித்தாலே போதும். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்சியஸ் தளத்தில் மூல நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. எந்தச் சொல்லைத் தொட்டாலும் அதன் இலக்கணம் வரும்.

அப்பாவின் கவலைக்கு வருகிறேன். இங்கிலாந்தில் சொலிசிட்டர் (கட்சிக்காரருக்கு ஆலோசனையும் ஆவண வேலையும் செய்யும் வழக்கறிஞர்) ஆக முதல் பட்டம் சட்டமாக இருக்கத் தேவையில்லை. அதற்கென 2021-இல் வந்த எஸ்கியூஇ என்ற தகுதித் தேர்வை எந்தத் துறைப் பட்டதாரியும் எழுதலாம். அதோடு இரண்டு ஆண்டுப் பணி அனுபவம் வேண்டும். நீதிமன்றத்தில் வாதாடும் பாரிஸ்டர் ஆக வேண்டுமென்றால், வேறு துறைப் பட்டதாரிகளுக்கான சட்ட மாற்றுப் படிப்பு ஒன்று கூடுதலாகத் தேவை. ஒரு பத்தியை எழுத்தெழுத்தாக ஆராய்ந்து பொருள் காண்பதை மூன்று நான்கு ஆண்டு பழகியவரைச் சட்ட நிறுவனங்கள் ஒதுக்குவதில்லை. அரசுப் பணி, கணக்கியல், அருங்காட்சியகம், பதிப்புத் துறை, ஆசிரியப் பணி என்று வழிகள் உண்டு. ஆனால் மருத்துவப் பட்டம் போல இது ஒரு வேலைக்கு நேராகக் கொண்டுபோய் விடாது. விடுமுறைகளில் வேலை அனுபவத்தை அவளே தேடிக்கொள்ள வேண்டும். இதை வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள்.

செலவு: 2025-26-இல் இங்கிலாந்தில் உள்ளூர் மாணவருக்கு ஆண்டுக்கு அதிகபட்சக் கட்டணம் 9,535 பவுண்டு. நான்காம் ஆண்டு என்றால் அதற்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இப்போதைய மாணவர் கடன் திட்டத்தில் ஆண்டு வருமானம் 25,000 பவுண்டைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 9 சதவீதம் பிடிப்பார்கள். 40 ஆண்டுக்குப் பின் மிச்சம் தள்ளுபடி.

பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ் அமைப்புக்குத் தன்னைப் பற்றி எழுதும் பர்சனல் ஸ்டேட்மென்ட் இப்போது மூன்று கேள்விகளாக வருகிறது. மூன்றாவது, வகுப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள் என்பது. அங்கே அவளுக்குச் சொந்தமாகச் சொல்ல ஒன்று இருக்கிறது. பண்டைய சேரர் துறைமுகமான முசிறியிலிருந்து வந்த ஹெர்மபொல்லோன் என்ற கப்பலின் சரக்கைப் பற்றிய கிரேக்கப் பாப்பிரஸ் (நாணல் தாள் ஆவணம்) ஒன்று வியன்னாவில் இருக்கிறது, கி.பி. இரண்டாம் நூற்றாண்டுடையது. அதே முசிறிக்கு யவனர் கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு 149-ஆம் பாட்டு பாடுகிறது. எகிப்தின் பெரனிகே துறைமுகத்தில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடு கிடைத்திருக்கிறது. கிரேக்கம், தமிழ் என்ற இந்த இரண்டு பக்கத்துச் சான்றுகளையும் மூலத்தில் படிக்கக்கூடியவர்கள் மிகக் குறைவு. அவளைப் போன்ற பிள்ளைகள் இந்தத் துறைக்கு வர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். ஆனால் படிக்காததைப் படித்ததாக எழுத வேண்டாம். நேர்முகத்தில் அங்கிருந்துதான் கேள்வி தொடங்கும்.

ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டில் ஒன்றுக்குத்தான் ஓர் ஆண்டில் விண்ணப்பிக்கலாம். கடைசி நாள் அக்டோபர் 15. பள்ளி தன் பரிந்துரையை எழுத வேண்டியிருப்பதால் அதற்குச் சில வாரங்கள் முன்பே தங்களுக்கென்று ஒரு தேதி வைத்திருப்பார்கள். அதை இந்த வாரமே கேட்டு வையுங்கள்.